இரண்டு பேபி கேரியர் வாங்கியும் சரிவரவில்லை, மூன்றாவது வாங்கலாமா?

மழைத்தூறல் எழுதியது:

பாப்பாவுக்குப் பத்து வாரம். சாயங்காலம் ஐந்தரை ஆனால் அழ ஆரம்பிப்பாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் அடங்குவாள், உட்கார்ந்தால் மறுபடியும் தொடங்கிவிடும். ஒன்பது மணிவரை என் இரண்டு கையும் அவளிடம்தான். அதற்காகத்தான் குழந்தையை உடம்போடு சேர்த்துச் சுமக்கும் கேரியர் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது இழுத்தால் நீளும் பருத்தித் துணி, ஐந்து மீட்டர் இருக்கும். உடம்பைச் சுற்றிக் கட்டுகிற ராப். கட்டி முடிப்பதற்குள் அவள் வீறிட்டுவிடுவாள். எப்படியோ உள்ளே வைத்தாலும் அரைமணி நேரத்தில் துணி தளர்ந்து, அவள் என் வயிற்றுப் பக்கம் இறங்கிவிடுகிறாள்.

இரண்டாவது, பக்கிள் வைத்த கேரியர். மாட்டுவது சுலபம். ஆனால் இருபதே நிமிடத்தில் இரண்டு தோளும் கழன்றுவிடும்போல் வலிக்கிறது. சிசேரியன் தையல்மேல் இடுப்புப் பட்டை உரசுகிறது. அவள் முகம் என் மார்பில் புதைந்துவிடுமோ என்று பயம், அதனால் அவள் தலையை ஒரு கையால் பிடித்தபடியேதான் நடக்கிறேன்.

என் உயரம் ஐந்தடி. கணவர் ஆறடி. அவருக்கும் பொருந்த வேண்டும். எந்தக் கேரியர் வாங்கினால் சரியாக இருக்கும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைவால் எழுதியது:

எனக்கு ரிங் ஸ்லிங்தான் ஒத்துவந்தது. ஒரே தோள், இரண்டு வளையம், ஒரு துணி. கட்டுவதற்கு முடிச்சே கிடையாது. வளையம் மட்டும் இணைப்போ ஒட்டோ இல்லாத முழு வளையமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் நீண்ட நேரம் போட்டால் ஒரு பக்கத் தோள் கனக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.


நடைவண்டி எழுதியது:

ஹிப் சீட் பாருங்கள். இடுப்பில் சின்ன மேடைபோல் இருக்கும், குழந்தையை அதன்மேல் உட்கார வைத்தால் போதும். என் மகனுக்கு அதுதான். இரண்டே நொடியில் ஏற்றி இறக்கலாம்.


தண்டுவடம் எழுதியது:

நடைவண்டி, உங்கள் மகனுக்கு அப்போது என்ன வயது? தாங்கல் இல்லாமல் தானாக உட்காரும் குழந்தைக்கு ஹிப் சீட் நல்லதுதான். பத்து வாரக் குழந்தைக்கு அது இப்போது வேண்டாம்.

மழைத்தூறல், நான் பிசியோதெரபிஸ்ட். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள். கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பக்கிள் கேரியரை மாட்டிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இடுப்புப் பட்டை உடம்பில் எங்கே இருக்கிறது? இடுப்பெலும்பின் மேலா, அதற்கும் கீழா, தொப்புள் உயரத்திலா? தோளில் மாட்டும் இரண்டு பட்டைகளையும் முதுகில் இணைக்கிற குறுக்குப் பட்டை கழுத்தடியில் இருக்கிறதா, நடு முதுகிலா? பாப்பாவை மாட்டியபின் சற்று முன்னால் குனிந்தால் அவள் உங்களைவிட்டு விலகுகிறாளா? விலகினால் எவ்வளவு? தலையைக் குனிந்தால் அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிகிறதா? அவள் முழங்கால் அவள் பிட்டத்தைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? அப்புறம், அவள் எடை என்ன?


மழைத்தூறல் எழுதியது:

இப்போதுதான் மாட்டிப் பார்த்தேன். எடை 4.9 கிலோ.

பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே, தையல் இருக்கும் இடத்திலேயே. ஜீன்ஸ் போடுவதுபோல் போட்டிருக்கிறேன். குறுக்குப் பட்டை கிட்டத்தட்ட கழுத்தில். குனிந்தால் எனக்கும் அவளுக்கும் நடுவே என் முழு உள்ளங்கை நுழைகிறது. முத்தம் கொடுக்க எட்டவில்லை. கால்கள் நேராகத் தொங்குகின்றன. இதில் எதுவும் தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை, கையேட்டில் இருக்கும் படமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.


தண்டுவடம் எழுதியது:

தப்பு உங்களுடையது இல்லை. கையேட்டுப் படங்களில் பெரும்பாலும் உயரமான ஒருவர், ஆறேழு மாதக் குழந்தையோடு நிற்பார். உங்கள் உடம்பும் வேறு, உங்கள் குழந்தையும் வேறு. உங்களிடம் இருக்கும் கேரியரே போதுமானதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

பட்டையை மேலே ஏற்றுங்கள். தொப்புள் உயரத்துக்கு, தேவைப்பட்டால் அதற்கும் ஒரு விரல் மேலே. சின்னக் குழந்தைக்கு, அதுவும் குட்டையானவர் சுமக்கும்போது, பட்டை அங்கேதான் இருக்க வேண்டும். தையலிலிருந்து பட்டை விலகும், பாப்பாவும் முத்தம் எட்டும் உயரத்துக்கு வருவாள். பட்டையைக் கிடைமட்டமாக, நன்றாக இறுக்குங்கள். எடையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது அதுதான். பட்டை தளர்ந்திருந்தால் அந்த எடை முழுவதும் தோளுக்குப் போகும். தையல் இன்னும் வலித்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து குறுக்குப் பட்டை. அதைத் தோள்பட்டை எலும்புகளின் நடுப்பகுதிவரை இறக்குங்கள். கழுத்தடியில் இருந்தால் தோளில் மாட்டும் இரண்டு பட்டைகளும் கழுத்தை நோக்கி இழுக்கப்படும். உங்கள் வலி அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சில மாடல்களில் தோளில் மாட்டும் பட்டைகளை முதுகில் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போடலாம். குறுகலான தோள் உள்ளவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

மூன்றாவதுதான் முக்கியம். உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருக்கவே கூடாது. குழந்தை உங்கள் உடம்பிலிருந்து எவ்வளவு விலகித் தொங்குகிறதோ, அதே 4.9 கிலோ முதுகுக்கு அவ்வளவு அதிகமாகக் கனக்கும். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரு கையால் அவள் பிட்டத்தைச் சற்றுத் தூக்கி எடையை எடுத்துவிட்டு, மறு கையால் தோளில் மாட்டிய பட்டையை இழுங்கள். எடையோடு இழுத்தால் பட்டை நகராது. நீங்களும் இறுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

கடைசியாகக் கால். அவளை வைத்ததும் முழங்கால்களுக்கு அடியில் பிடித்து மெதுவாக மேலே தூக்கி, பிட்டம் கீழே அமரும்படி உங்களை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். தவளை உட்காருவதுபோல், முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்கும். துணி ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மறு முழங்காலின் பின்புறம்வரை தாங்க வேண்டும், அதற்கு மேல் அகலம் கூடாது. உங்கள் கேரியரில் அடிப்பகுதியைக் குறுக்கும் நாடாவோ பொத்தானோ இருக்கும், தேடிப் பாருங்கள். அகலம் குறைந்தால் தொடை தொங்கும், கூடினால் காலை அளவுக்கு மீறி விரிக்கும்.

கால் விஷயத்தில் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் சில மாதங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். கால் மடங்கி விரிந்திருந்தால் தொடையெலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் நன்றாகப் பதிந்திருக்கும். பிரசவத்தின்போது பாப்பா தலை மேலாக இருந்தாளா? குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டு விலகல் இருந்ததா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் குழந்தைநல மருத்துவரிடம் மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கால் தொங்கியதால் யாருக்கும் மூட்டு விலகிவிடாது. ஆரம்ப மாதங்களில் தினமும் பல மணி நேரம் அப்படியே வைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.


இரவுப்பணி எழுதியது:

நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர். முகம் புதைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் வேண்டாம். அதே சமயம், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கையை எடுக்கலாம்.

ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று, துணியோ உங்கள் உடம்போ மூக்கையும் வாயையும் அடைப்பது. அந்த வயதில் குழந்தையால் தலையைத் திருப்பி விலக முடியாது. இரண்டாவது, சத்தமே இல்லாதது. குழந்தை சுருண்டு, தாடை மார்பில் அழுந்திவிடும். அதன் மூச்சுக்குழல் மிருதுவானது, மடிந்த குழாய்போல் அடைபடும். மூச்சு குறையும்போது அழவும் முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தூங்குவதுபோல் இருக்கும்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. முந்தைய 20 ஆண்டுகளில் நேர்ந்த 14 குழந்தை இறப்புகளை ஆராய்ந்திருந்தார்கள். அதில் 12 பேர் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைவான குழந்தை, சளி பிடித்திருக்கும் குழந்தை, இரட்டையரில் ஒன்று என்றால் இன்னும் கவனம் வேண்டும் என்றார்கள். பைபோல் தொங்கும், குழந்தை உள்ளே படுத்துச் சுருளும் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பிரிட்டனில் இதை ஐந்து விதிகளாகச் சொல்லித் தருகிறார்கள். அணைத்திருப்பதுபோல் இறுக்கமாக இருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் முகம் எந்நேரமும் தெரிய வேண்டும். முத்தமிடும் தூரத்தில் தலை இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும், நான் இரண்டு விரல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். முதுகு சரியாமல் தாங்கலோடு இருக்க வேண்டும். முதுகில் கை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். குழந்தை உள்ளே சுருண்டாலோ உங்களை நோக்கி நகர்ந்தாலோ, இன்னும் இறுக்க வேண்டும் என்று அர்த்தம். பலர் இரக்கப்பட்டுத் தளர்வாக விடுகிறார்கள். இந்த விஷயத்தில் தளர்வுதான் ஆபத்து.

கேரியரிலேயே பால் கொடுக்கிறீர்களா? கொடுக்கலாம், ஆனால் அதற்காகப் பட்டையைத் தளர்த்திக் குழந்தையை இறக்கினால், குடித்து முடித்ததும் உடனே பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்குங்கள். பால் குடித்தபடியே தூங்கிவிடும், நாமும் அசதியில் அப்படியே விட்டுவிடுவோம். அது கூடாது.

கேரியர் துணியும் ஓர் உடைதான். உங்கள் உடம்புச் சூடும் சேரும். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஓர் உடையைக் கழற்றுங்கள். அடுப்பு, சூடான பானம், சைக்கிள், கார் இருக்கை: எதுவும் கேரியரோடு சேரக் கூடாது.


துணித்தறி எழுதியது:

அந்த முதல் ராப்பை மூலையில் போட்டுவிடாதீர்கள். நீளும் துணியை, குழந்தையை வைத்தபின் இறுக்க முடியாது. முன்னாலேயே, சட்டைபோல் உடம்போடு ஒட்டும்படி கட்டிவிட வேண்டும். 'இதற்குள் குழந்தை எப்படி நுழையும்' என்று சந்தேகம் வரும் அளவுக்கு. எடை ஏறியதும் துணி நீண்டு இடம் கொடுக்கும். நீங்கள் அவளுக்கென்று இடம் விட்டுக் கட்டியிருப்பீர்கள், அதனால்தான் இறங்குகிறாள். மூன்று அடுக்கும் அவள்மேல் விரிந்திருக்க வேண்டும்.

அழும்போது கட்ட ஆரம்பிக்காதீர்கள். நான்கரை மணிக்கே, வயிறு நிறைந்து தெளிவாக இருக்கும்போது கட்டி, வைத்த உடனே நடங்கள். கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் எந்தக் குழந்தையும் சிணுங்கும்.

ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் போனால் நீளும் துணி தொய்யும். அப்போது நெய்த ராப் வேண்டும். குறுக்குச் சாய்வாக மட்டும் கொஞ்சம் நீளும் ட்வில் நெசவு அது. ஜெர்மனியில் எரிகா ஹோஃப்மன் தன் இரட்டைக் குழந்தைகளைத் துணியில் கட்டிச் சுமக்க ஆரம்பித்து, 1972இல் அதையே தொழிலாக்கினார். நிறுவனத்தின் பெயர் டிடிமோஸ், கிரேக்கத்தில் இரட்டையர் என்று பொருள். எனக்குத் துணி என்றால் உயிர், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.


மழைத்தூறல் எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன்.

பட்டையைத் தொப்புளுக்கு ஏற்றியதும் முதல் வித்தியாசம் தையலில் தெரிந்தது. உரசலே இல்லை. குறுக்குப் பட்டையை இறக்க என்னால் கை எட்டவில்லை, கணவர்தான் சரிசெய்து கொடுத்தார். இப்போது தனியாக மாட்டும்போது, முதலில் பட்டைகளைத் தளர்த்தி, பக்கிளைக் கழுத்துக்குப் பின்னால் பூட்டி, அப்புறம் இறுக்குகிறேன், அது தானே நடு முதுகுக்கு இறங்கிவிடுகிறது. நேற்று ஐம்பது நிமிடம் நடந்தேன். தோளில் வலி இல்லை.

தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் முறையாக அவள் தலையிலிருந்து கையை எடுத்தேன். அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. இரவுப்பணி அக்கா, உங்களுக்கு என் நன்றி.

ஆனால் சாயங்கால அழுகை நிற்கவில்லை. கேரியருக்குள் இருந்தே ஒரு மணி நேரம் அழுதாள். இதிலும் நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?


தண்டுவடம் எழுதியது:

இல்லை. கேரியர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இங்கே தெளிவாகப் பேச வேண்டும்.

1986இல் ஹன்சிகர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் மான்ட்ரியலில் 99 தாய்-சேய் ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேரைத் தினமும் கூடுதல் நேரம் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகள் 43 சதவீதம் குறைவாக அழுதன. கேரியர் விற்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அதே மருத்துவர் பார் 1991இல், ஏற்கெனவே மிதமிஞ்சி அழும் குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோது, கூடுதலாகத் தூக்கியதால் அழுகை குறையவில்லை.

உங்கள் பாப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. அழுகை சத்தம் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, பால் குடிக்காமல் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரம் அவள் உங்கள்மேல் இருந்தபடி அழுதாள், நீங்கள் கை ஓயாமல் அவளோடு இருந்தீர்கள். கேரியரால் முடிந்தது அதுதான், அது சின்ன விஷயம் இல்லை.


ஜன்னலோரம் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். முகம் வெளியே பார்த்தபடி வைத்தால் அழுகை நிற்கும். என் மகள் அப்படி வைத்த உடனே அமைதியாகிவிடுவாள். எல்லோரும் அதைத் தப்பு என்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை.


இரவுப்பணி எழுதியது:

உங்கள் மகளுக்கு வயது என்ன என்பதைப் பொறுத்தது. கழுத்து முழுதாக நின்றபின், ஏறக்குறைய ஐந்தாறு மாதத்தில், விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. பத்து வாரத்தில் கூடாது, தலை முன்னால் விழும். தூங்கிவிட்டால் எந்த வயதிலும் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். இன்னொன்று, சந்தடியான இடத்தில் உள்பக்கம் இருக்கும் குழந்தை போதும் என்றால் முகத்தை உங்கள் மார்பில் திருப்பிக்கொள்ளும். வெளியே பார்க்கும் குழந்தைக்கு ஒதுங்க இடம் இல்லை. உடனே அமைதியாவது சில நேரம் மலைத்துப் போவதாலும் இருக்கலாம்.


ஜன்னலோரம் எழுதியது:

அவளுக்கு ஏழு மாதம். மலைத்துப் போவது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, கையைக் காலை ஆட்டிச் சிரிக்கிறாள். ஆனால் தூங்கினால் திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இனி செய்கிறேன்.


ஆறடியப்பா எழுதியது:

மழைத்தூறலின் கணவர் நான். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அவள் பட்டையை ஏற்றிப் போடுவதைப் பார்த்து நானும் தொப்புளுக்கு ஏற்றினேன். பாப்பாவின் தலை என் தாடையில் இடித்தது. எனக்கு இடுப்பெலும்பின்மேல்தான் சரியாக இருக்கிறது. ஒரே கேரியர், ஒரே குழந்தை, ஆனால் அளவு வேறு. ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருந்ததால், பட்டைகளில் அவள் அளவுக்குச் சிவப்பு நூல், என் அளவுக்கு நீல நூல் தைத்துவிட்டேன். இப்போது அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

பிறந்ததிலிருந்து அழுதால் அம்மாதான் வேண்டும் என்று நானே ஒதுங்கியிருந்தேன். இப்போது ஏழு மணியிலிருந்து எட்டரை வரை பாப்பா என்னிடம். அழுதாலும் என்னிடம்தான்.


துணித்தறி எழுதியது:

நூல் தைப்பது நல்ல யோசனை. பட்டையின் தையல் ஓடும் இடத்தில் ஊசி குத்தாமல், ஓரத்தில் மட்டும் தையுங்கள். எடை தாங்கும் தையலைத் தொடக் கூடாது.


மழைத்தூறல் எழுதியது:

பல மாதம் கழித்து எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும் என்று.

பாப்பாவுக்கு இப்போது பதினோரு மாதம், 8.7 கிலோ. மூன்றாவது கேரியர் வாங்கவில்லை. நீளும் ராப்பை நாலரை மாதம்வரை வீட்டுக்குள் பயன்படுத்தினேன். துணித்தறி சொன்னதுபோல் இறுகக் கட்டினால் அதுதான் எல்லாவற்றையும்விட மென்மை. அப்புறம் தொய்ய ஆரம்பித்தது, மடித்து வைத்துவிட்டேன். சாயங்கால அழுகை நான்காவது மாதத்தில் தானாகக் குறைந்தது.

அவள் தானாக உட்கார ஆரம்பித்தபின் முதுகில் ஏற்றப் பழகினேன். முதல் பத்து முறையும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கணவரைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டுதான். பக்கிள் பூட்டும் சத்தம் கேட்டபின்னும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். மாதத்துக்கு ஒருமுறை தையல், பக்கிள் இரண்டையும் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

குறுக்கும் நாடாவை மூன்று முறை தளர்த்தியாகிவிட்டது. இப்போது முழு அகலத்தில் இருக்கிறது, துணி முழங்கால்வரை வருகிறது. இன்னும் வளர்ந்தால் என்ன செய்வது?


தண்டுவடம் எழுதியது:

நடக்கும் வயதுக் குழந்தைக்கு முழங்கால்வரை தாங்கல் இருந்தால் வசதி, ஆனால் முக்கால் தொடைவரை இருந்தாலும் போதும். மூட்டு அப்போது உறுதியாகியிருக்கும். துணியின் மேல்விளிம்பு அவள் அக்குளுக்குக் கீழே போய்விட்டால்தான் மாற்ற வேண்டும்.


புதுவரவு எழுதியது:

பழைய உரையாடல் என்று தெரியும், மன்னிக்கவும். எங்கள் மகன் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தான், இப்போது 2.6 கிலோ. மருத்துவமனையிலிருந்து வந்து ஆறு நாள். எங்களிடம் இருக்கும் பக்கிள் கேரியரில் குறைந்தபட்சம் 3.2 கிலோ என்று போட்டிருக்கிறது. அடியில் துண்டை மடித்து வைத்து உயர்த்திக்கொள்ளலாமா? மனைவிக்குக் கை மிகவும் வலிக்கிறது.


இரவுப்பணி எழுதியது:

வேண்டாம். துண்டு நகரும், அவன் சுருளுவான். அந்த 3.2 கிலோ அவன் கழுத்தையும் மூச்சையும் நினைத்துப் போட்டது, அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அதற்குப் பதில், சாய்ந்து உட்கார்ந்து, அவனை டயப்பர் மட்டும் போட்டு உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, முதுகுப் பக்கம் போர்த்துங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே உயர்ந்திருக்கட்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. கங்காரு பராமரிப்பு என்பார்கள், இன்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அப்பாவும் செய்யலாம். உங்கள் மனைவியின் கைக்கு ஓய்வு கிடைக்கும். நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும், தூக்கம் வந்தால் அவனைத் தொட்டிலில் படுக்க வையுங்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தைத்த கட்டுத் துணிகள் உண்டு. அது தேவையா, எப்போது என்று அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். அடுத்த பரிசோதனை எப்போது?


புதுவரவு எழுதியது:

வியாழக்கிழமை. கேரியரையும் கையோடு எடுத்துப் போகிறேன். இன்று இரவு நான் மார்பில் வைத்துக்கொள்கிறேன், அவளைத் தூங்கச் சொல்லிவிட்டேன்.


மழைத்தூறல் எழுதியது:

வியாழக்கிழமை என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், தம்பி. 3.2 வந்ததும் சொல்லுங்கள், பட்டையை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.